இரண்டு ஆணிகளுக்கு நடுவே

செவிலிமேடு
9.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மஹாலட்சுமி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அங்கே நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? நாக்பூர் தண்ணீர் இன்னும் உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

போனில் பேசினால் நாம் இருவரும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் அப்பாவின் நிலத்துக்கு வந்துவிடுகிறோம், பிறகு அடிதடிதான். அப்பாவின் திதி முடிந்த மறுவாரம் அண்ணி உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "இனிமே நீங்க ரெண்டு பேரும் லெட்டர்லயே பேசிக்குங்கப்பா" என்றாரே, அது நல்லதாகத்தான் போயிற்று. எழுதும்போது நான் கொஞ்சம் மரியாதையான ஆளாக இருக்கிறேன்.

இந்த வருஷம் நாலாம் வகுப்புக்குக் கணக்கையெல்லாம் பண்டிகையோடு சேர்த்துச் சொல்லித் தருகிறேன். பிள்ளையார் சதுர்த்திக்குக் காகிதக் குடை செய்தோம். வட்டத்தை மடித்தால் பாதி, இன்னொரு மடி மடித்தால் கால், இன்னொன்று அரைக்கால். பின்னம் என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் குடையை விரித்து விரித்துப் பார்த்து எட்டில் மூன்று என்கிறார்கள். பட்டுச் சேலைப் பெட்டியின் அட்டையும் தங்க நிறக் காகிதமும் தறிக்காரர்கள் இருக்கிற பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு கிடைக்கிறது, செலவே இல்லை.

அந்தக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, வளையம் வளையமாகக் கோத்து ஒரு தோரணமும் செய்தோம். கரும்பலகைச் சுவரின் உச்சியில் ஓர் ஆணி, எதிரே பின் சுவரின் உச்சியில் ஓர் ஆணி. ஆணிக்கு ஆணி எவ்வளவு தூரம், ஒரு வளையம் எவ்வளவு நீளம், அப்படியானால் எத்தனை வளையம் வேண்டும்? பெருக்கலும் வகுத்தலும் ஒரே வேலையில் முடிந்தன. இந்த அறையைக் கட்டும்போது உன் ஆள் கரும்பலகைக்குப் பக்கத்தில் 'இவ்வகுப்பறையின் நீளம் 6 மீட்டர்' என்று பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போனாரே, அதை வைத்துத்தான் விடையைச் சரிபார்த்தோம். தோரணம் நடுவில் அழகாகத் தொய்ந்து தொங்குகிறது.

நீ கட்டிய அறையில் பாடம் நடத்துவதில் எனக்குப் பெருமைதான், வெளியே சொல்ல மாட்டேன். தலைமையாசிரியர் திருஞானசம்பந்தம் சார் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். டீச்சரின் அண்ணன் ஒரே கோடையில் இதையும் வாலாஜாபாத்தில் பாலர் பள்ளியையும் கட்டி முடித்தார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். திறப்பு விழாவுக்குக்கூட நிற்காமல் ஏன் வடக்கே போனார் என்றும் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

ஒரு வேடிக்கை. களிமண்ணில் கொழுக்கட்டை உருட்டி எண்ணச் சொன்னேன். தரையில் வைத்தால் நிற்கவே இல்லை, எல்லாம் ஒரே பக்கமாக உருண்டு ஓடின. எண்ணுவதை விட்டுவிட்டு எல்லோரும் அதையே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
மஹா

*

நாக்பூர்
27.9.2024

அன்புள்ள மஹாவுக்கு,

அண்ணன் ராமராஜன். இங்கே இருவரும் நலம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் குடைக் கணக்கை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன், சிரித்தாள். எனக்கு இப்படி ஒரு டீச்சர் வாய்த்திருந்தால் பத்தாவதில் கணக்கை இரண்டாம் தரம் எழுதியிருக்க மாட்டேன்.

கொழுக்கட்டை எந்தப் பக்கமாக உருண்டது? கரும்பலகைப் பக்கமா, பின் சுவர்ப் பக்கமா? சும்மாதான் கேட்கிறேன்.

அங்கே மழை தொடங்கிவிட்டதா? வாலாஜாபாத் பக்கம் எப்படி?

இங்கே அடுக்குமாடி வேலை, ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமராஜன்

*

செவிலிமேடு
8.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைவிட பஸ் டிக்கெட்டில் எழுத்து அதிகம். போகட்டும், நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், அது போதும். இங்கே எல்லோருக்கும் சளி வந்து போயிற்று. இப்போது சுகம்.

நவராத்திரிக்கு வகுப்பில் கொலு வைத்திருக்கிறோம். பொம்மையெல்லாம் சேலைப் பெட்டி அட்டையில் பிள்ளைகளே வெட்டியவை. இரண்டாம் வகுப்பு ஃபரீதா டீச்சர் கண்ணும் மூக்கும் வரைந்து கொடுத்தார். மேல்படியில் ஒன்று, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஐந்து, இப்படி வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு சதுர எண் கிடைக்கிறது. ஒரு பையன் கடைசிப் படிவரை கூட்டிவிட்டு, "இது யாரு டீச்சர் கண்டுபிடிச்சது, அம்மனா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: கொழுக்கட்டை பின் சுவர்ப் பக்கமாகத்தான் உருண்டது. கொலுவையும் அந்தச் சுவரோரம்தான் வைத்திருக்கிறோம். பெஞ்சுகளை எப்படி முட்டுக்கொடுத்து நிறுத்தினாலும் பொம்மைகள் பின்னால் சாய்ந்தே நிற்கின்றன. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிற கொலு என்று சார் கேலி செய்தார்.

வாலாஜாபாத் மழை உனக்கு எதற்கு? அங்கே உனக்கு நிலமும் இல்லை, பெண் கொடுத்த வீடும் இல்லை. பெய்கிறது, இங்கே பெய்கிற மாதிரிதான்.

தோரணத்தைப் பண்டிகைக்குப் பண்டிகை இறக்கிப் புது வளையம் சேர்த்துக் கட்டுகிறோம். அதற்கு முன்னால் ஆணிக்கு ஆணி நூல் பிடித்து அளக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அனு என்று ஒரு பெண், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பெஞ்சின் மேல் ஏறி நூல் பிடித்து அளந்துவிட்டு, ஆறு மீட்டருக்கு மேல் இரண்டு விரல் அதிகம் என்றாள். சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அது தப்பா இருக்குது டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நூலைச் சரியாகப் பிடித்திருக்க மாட்டாய் என்று சொல்லித் தப்புப் போட்டேன். அண்ணன் எழுதவைத்த அளவு தப்பாகுமா?

அண்ணியைச் சுண்டல் சாப்பிட இங்கே வரச் சொல். நீ வராவிட்டாலும் பரவாயில்லை.

மஹா

*

நாக்பூர்
14.10.2024

அன்புள்ள மஹாவுக்கு,

கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். நலம்.

கொலுவைப் பின் சுவரிலிருந்து தள்ளிப் போடு. பிள்ளைகளை அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார விடாதே. புதுச் சுவர் ஈரம் இழுக்கும், சளி பிடிக்கும்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. பண்டிகைக் கணக்கை ஏன் அறைக்குள்ளேயே அடைத்து வைக்கிறாய்? முற்றத்தில் புள்ளிக் கோலம் போடச் சொல். நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று நாள் முழுக்க எண்ணலாம். கம்பு நட்டு நிழலை அளக்கலாம். பட்டம் செய்து நூலின் நீளம் பார்க்கலாம். மழை இல்லாத நாளெல்லாம் வெளியிலேயே வைத்துக்கொள். பிள்ளைகளுக்கும் காற்றோட்டமாக இருக்கும்.

அண்ணி உன்னைக் கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ராமராஜன்

*

செவிலிமேடு
5.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. உனக்கும் அண்ணிக்கும் அனுப்பிய அதிரசம் உடையாமல் வந்து சேர்ந்ததா? இங்கே அனைவரும் சுகம்.

நீ எனக்குப் பாடம் நடத்த யோசனை சொல்கிற காலமும் வந்துவிட்டது. கேலிக்குச் சொல்லவில்லை, நீ சொன்ன கோலம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஒரு நாள்தான் முடிந்தது. மறுநாளிலிருந்து முற்றம் முழுக்கத் தண்ணீர். மழைக்காலத்தில் வெளியே வகுப்பு நடத்தச் சொன்னால் சார் என்னை வெளியே அனுப்பிவிடுவார். அப்புறம், ஐந்து வருஷமான சுவர் உனக்குப் புதுச் சுவரா?

தீபாவளிக்கு அகல்விளக்கு செய்தோம். காகிதத்தை நடுவில் மடித்து, பாதி விளக்கை வரைந்து வெட்டிப் பிரித்தால் முழு விளக்கு வரும். சமச்சீர் என்கிற பாடம் அவ்வளவுதான், அடுத்த நாளே பிள்ளைகள் இட்லித் தட்டிலும் பட்டாம்பூச்சியிலும் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பின் சுவரும் பக்கச் சுவரும் சேர்கிற மூலையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விட்டிருக்கிறது. சார் சிமென்ட் பூசி வெள்ளையடிக்கச் சொன்னார். பூசினது திட்டாகத் தெரிந்ததால் அதன் மேலேயே விளக்குகளை வரிசையாக ஒட்டிவிட்டோம். இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது. நீ கட்டியவன், இதற்கு வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று எழுது.

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கே மனசு சரியில்லை. தோரணம் இப்போது தொய்யவில்லை. கொடிக்கயிற்றைப் போல இழுத்துக்கொண்டு நேராக நிற்கிறது. யாரோ நடுவில் வளையங்களை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கடைசியாகக் கட்டியது அனுதான், அவளைப் பிடித்துத் திட்டினேன். "நான் வெட்டலை டீச்சர். அது தானா இறுகிக்கினு வருது" என்று அழுதாள். பொய் வேறு சொல்கிறாயா என்று இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

பதில் போடு.

மஹா

*

செவிலிமேடு
4.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. உடம்பு சரியில்லையா? அதிரசம் வந்ததாகவும் நீ எழுதவில்லை.

புயல் மழையை டிவியில் பார்த்திருப்பாய். எங்கள் தெருவில் தண்ணீர் படிவரை வந்து திரும்பிவிட்டது. வீட்டுக்குள் எல்லோரும் சுகம். பள்ளிக்கு விடுமுறை விட்டு, நேற்றுதான் திறந்தார்கள்.

கதவு திறக்கவில்லை. நிலையோடு இறுகிப்போயிருந்தது. சாரும் நானும் ஃபரீதா டீச்சரும் சேர்ந்து தள்ளித் திறந்தோம். தோரணம் நடுவில் அறுந்து இரண்டு சுவரிலும் பாதி பாதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மழை உள்ளே வரவில்லை, காற்று அடித்த சுவடும் இல்லை. மூலையில் ஒட்டிய விளக்குகளில் மேலே இருந்தவை நடு மடிப்பில் கிழிந்திருக்கின்றன. பாதி விளக்கு இந்தச் சுவரில், பாதி விளக்கு அந்தச் சுவரில். பசை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. காகிதம்தான் தாங்கவில்லை.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சாரிடம் சொன்னால் மழையில் எல்லாக் கட்டடமும் அப்படித்தான் என்கிறார். நீ சொன்னால் அவர் கேட்பார். சரியாகத்தான் இருக்கிறது என்றால் அப்படியாவது ஒரு வரி எழுது.

அவர் இப்போது வேறு ஒரு மும்முரத்தில் இருக்கிறார். போகியன்று பொங்கல் விழாவும் பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சியும் வைத்துக் கல்வி அதிகாரியை அழைக்கப் போகிறார். பெரிய அறை எங்களுடையதுதான் என்பதால் பெற்றோரையெல்லாம் அதில்தான் உட்காரவைப்பாராம். அறையைக் கட்டியவர் என்று உனக்குப் பொன்னாடை போடுவதாக இருக்கிறார். அழைப்பிதழில் உன் பெயர் உண்டு.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மஹா

*

நாக்பூர்
12.12.2024

அன்புள்ள மஹாவுக்கு,

நலம். அதிரசம் வந்தது. வேலைக்கு நடுவில் எழுத முடியவில்லை.

விழாவுக்கு வர முடியாது, விடுப்பு கிடைக்காது. அழைப்பிதழில் என் பெயரைப் போட வேண்டாம் என்று சாரிடம் கண்டிப்பாகச் சொல். அறைக்குள் அவ்வளவு பேர் புழுங்க வேண்டாம், முற்றத்தில் பந்தல் போட்டு நடத்துங்கள். பந்தல்காரர் கலியாணசுந்தரம் எனக்கு வேண்டியவர், நான் பேசிக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸ் வருகிறதே, உன் பிள்ளைகளுக்கு ஒரு கைவேலை. அட்டையில் நட்சத்திரம் செய்து, கனத்துக்கு அதன் அடியில் ஒரு நட்டு போல்ட்டு கட்டி, நூலில் பின் சுவரின் ஆணியிலிருந்து தரைக்குச் சற்று மேலே வரை தொங்கவிடு. நேர்க்கோடு, செங்குத்து எல்லாம் சொல்லித் தரலாம். நட்சத்திரம் ஆடுகிறதா, சுவரைத் தொடுகிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல். பார்த்து எனக்கு எழுது.

வாலாஜாபாத்தில் பாலர் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை எப்போது விடுகிறார்கள், உனக்குத் தெரியுமா?

ராமராஜன்

*

நாக்பூர்
22.12.2024

அன்புள்ள மஹாவுக்கு,

அண்ணி தேவிப்ரியா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை வெங்கடேசன் தம்பி, பிள்ளை எல்லோரும் சௌக்கியம்தானே. இங்கே குளிர் தாங்கவில்லை. நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்தால் இவர் உடனே பிரிப்பதில்லை. சாமி அலமாரியில் வைத்துவிடுகிறார். அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறார், வருகிறார், அப்புறம்தான் பிரிக்கிறார். டிவியில் நம் ஊர் மழையைக் காட்டினால் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். என்ன என்று கேட்டால், "ஒண்ணும் இல்லைம்மா" என்பதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் இப்படி இருந்ததில்லை.

கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதாமல் இரேன். மாமாவின் நிலத்தைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. வேண்டுமானால் சண்டைகூடப் போடு, அதற்கு இவர் நன்றாகத்தான் இருந்தார்.

உன் அன்புள்ள,
அண்ணி

*

செவிலிமேடு
3.1.2025

அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. அண்ணிக்கும் சொல். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

விடுமுறை முடிந்து நேற்று பள்ளி திறந்தது. முதல் வேலையாக நீ சொன்ன நட்சத்திரத்தைத் தொங்கவிட்டோம். அது ஆடவில்லை. ஜன்னல் திறந்திருந்தும் ஆடவில்லை. நூலின் மேல் பாதிதான் சுவரைத் தொடாமல் வருகிறது, கீழ்ப் பாதி சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நட்சத்திரம் சுவரில் படுத்திருக்கிறது. அப்படியானால் சுவரின் உச்சி வெளியே போயிருக்கிறது என்று கையால் சாய்த்துக் காட்டியது அனுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னோடு நான் சின்ன வயதில் எத்தனை வேலைக்கு வந்திருக்கிறேன். நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அது. நீ கைவேலை சொல்லித் தரவில்லை. என் பிள்ளைகளை வைத்துச் சுவர் பார்த்திருக்கிறாய். கோலமும் நிழலும் பட்டமும்கூட அவர்களை வெளியே வைக்கத்தான், இல்லையா? சுவரில் சாய விடாதே என்றாய், வெளியே வைத்துக்கொள் என்றாய், பந்தல் போடு என்றாய். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

நானே பெஞ்சின் மேல் ஏறி நூலின் ஒரு முனையைப் பிடித்தேன், அனு மறுமுனையைப் பிடித்தாள். ஆறு மீட்டர் முடிந்து என் உள்ளங்கை அகலம் மிஞ்சியது. அவளுடைய பழைய தாளை வாங்கி, நான் போட்ட தப்பை அடித்துச் சரி போட்டேன். வகுப்புக்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப சுவர் நடக்குதா டீச்சர்?" என்று கேட்டாள்.

இன்று சாரிடம் போனேன். விழா முடியட்டும், பொங்கலுக்கு அப்புறம் பொறியாளரைக் கூப்பிடலாம் என்றார். "உங்க அண்ணன் கட்டுனதும்மா. நீயே சந்தேகப்படலாமா?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். உன் பெயரை அழைப்பிதழிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, அச்சாகிவிட்டது. பந்தலுக்கு யாரும் வரவும் இல்லை, கேட்கவும் இல்லை.

நம் ஒப்பந்தத்தை மீறி மதியம் உனக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, நீ வெட்டிவிட்டாய். ஒரே கேள்விதான். அந்தச் சுவரின் கீழே என்ன இருக்கிறது? போகிக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

மஹா

*

நாக்பூர்
5.1.2025

மஹாவுக்கு,

நீ போன் செய்ததைப் பார்த்தேன். பேசத் தைரியம் இல்லை.

அங்கே முன்பு பெரிய தறி வீடு இருந்தது. இப்போது பின் சுவர் நிற்கிற வரிசையில் கால் விட்டு மிதிக்கிற தறிக்குழிகள் வரிசையாக இருந்தன. கெட்டி மண் வரும்வரை தோண்டிக் கல் போட்டு எழுப்பியிருக்க வேண்டும். பள்ளி திறப்பதற்குள் முடிக்கச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை. இடித்த வீட்டு மண்ணையும் ஓடுகளையும் தள்ளிக் குழிகளை மூடி, மேலே சுவரை எழுப்பிவிட்டோம்.

நாலைந்து மழை தாங்கினால் இறுகிவிடும் என்று நினைத்தேன்.

பிள்ளைகளை உள்ளே விடாதே. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு.

ராமராஜன்

*

செவிலிமேடு
22.1.2025

உன் கடிதம் நேற்று வந்தது.

உள்ளே போகிக்கு முந்தைய தேதி. உறையின் மேலே காணும் பொங்கலுக்கு மறுநாள் குத்திய நாக்பூர் முத்திரை. நடுவில் ஒரு பொங்கலே போயிருக்கிறது. எழுதி வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாயா, இல்லை பிற்பாடு எழுதிப் பழைய தேதி போட்டாயா என்று நான் கேட்கப் போவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போகியன்று காலையில் சார் வருவதற்கு முன்பே நானும் ஃபரீதா டீச்சரும் பிள்ளைகளை முற்றத்தில் உட்காரவைத்துக் கோலப் புள்ளி வைக்கச் சொன்னோம். நீ சொல்லிக் கொடுத்ததுதான். வாசலிலிருந்து அறைக்கதவு வரை இடம் விடாமல் புள்ளி. வந்தவர்கள் கோலத்தை மிதிக்க மனமில்லாமல் வேலியோரமே நின்றார்கள். சார் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நாற்காலி போடச் சொன்னார். அதிகாரி வெயிலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசிவிட்டுப் போனார். உனக்கு வைத்திருந்த பொன்னாடையை என் கையில் கொடுத்தார்கள். அன்று மாலை அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன்.

காணும் பொங்கலன்று பட்டப்பகலில், துளி மழை இல்லாமல், பின் சுவர் விழுந்தது. கூரைத் தகரமும் இரும்புக் குழாய்களும் அதோடு போயின. உள்ளே யாரும் இல்லை. கரும்பலகைச் சுவர் அப்படியே நிற்கிறது, 'நீளம் 6 மீட்டர்' என்கிற எழுத்தோடு. பிள்ளைகள் பொங்கலுக்குப் புதிதாகக் கட்டிய தோரணத்தின் ஒரு முனை அந்த ஆணியில் இருக்கிறது. மறுமுனை செங்கல்லுக்குக் கீழே. அந்தப் பக்கம் உட்காருகிற பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கிறது, என்னால் கண்ணை மூட முடியவில்லை.

அன்று மாலையே என் வீட்டுக்காரர் அண்ணிக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். மறுநாள் நீ தபாலில் போட்டிருக்கிறாய்.

நீ கிழிக்கச் சொன்ன கடிதம் திருஞானசம்பந்தம் சாரிடம் இருக்கிறது. இன்று அதை அதிகாரியிடம் கொண்டுபோகிறார். உனக்கு என்ன ஆகுமோ எனக்குத் தெரியாது. அண்ணி என்ன செய்வாரோ, அதுவும் தெரியாது. இருந்தாலும் கொடுத்துவிட்டேன்.

இப்போது நான் எழுதுவது அதற்காக இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை என்று எழுதியிருக்கிறாய். நீ வாலாஜாபாத் மழையைக் கேட்டாய். பிறகு பாலர் பள்ளிக்கு எப்போது விடுமுறை என்று கேட்டாய். நான் கேலி செய்தேன், அப்புறம் பதிலே சொல்லவில்லை. அந்தப் பள்ளி நிற்கிற இடத்தில் ரைஸ் மில் இருந்தது. நெல் ஊறப்போடுகிற தொட்டிகள் இருந்தன. அப்பாவோடு மூட்டை கொண்டுபோகும்போது நீ தொட்டி விளிம்பில் நடந்து காட்டுவாய், நான் பயந்து அழுவேன். அந்தத் தொட்டிகளை எதைப் போட்டு மூடினாய்?

நேற்றிலிருந்து உன் போன் அணைந்திருக்கிறது, அண்ணியுடையதும்தான். இதையே செய்தியாகவும் அனுப்பியிருக்கிறேன், ஒற்றை டிக்தான் விழுகிறது. வாலாஜாபாத் பள்ளிக்கும் போன் செய்தேன். "விரிசலே கிடையாதும்மா, போன வாரம்தான் வெள்ளையடிச்சோம்" என்றார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ளே பாட்டுப் பாடுகிற சத்தம் கேட்டது.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நான் வாலாஜாபாத் பஸ் ஏறுகிறேன். பையில் தங்கக் காகிதமும் பசையும் நூலும் இருக்கின்றன. அனு அவளுடைய நட்சத்திரத்தையும் கொடுத்திருக்கிறாள்.

இனி எழுதாதே. போனைத் திற, நான் கூப்பிட்டால் எடு. சண்டை போட மாட்டேன். தொட்டிகள் எந்தச் சுவரின் கீழே இருக்கின்றன என்று மட்டும் சொல். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை முதலில் வெளியே கூட்டி வருகிறேன்.

மஹாலட்சுமி